எண்பத்தைந்து சென்டிமீட்டர்

என் இன்ஜினுக்கு பிஸ்டன் கிடையாது.
வயிறு பெருத்த முக்கோணங்கள் இரண்டு
ஆளுக்கோர் அறையில் உருண்டுகொண்டே இருக்கும்.
வால்வும் இல்லை. சுவரில் ஒரு துளை;
முக்கோணத்தின் விலா விலகினால் திறப்பு,
மறுபடி வந்து மறைத்தால் அடைப்பு.
அதன் மூக்கு அவ்வளவுதான்.

நசுங்கிய காரொன்றிலிருந்து கழற்றியது.
லெத்பிரிட்ஜுக்குத் தெற்கே
தானிய உலர்த்திகளைப் பழுதுபார்த்துப் பிழைக்கிறேன்.
காற்றுக்கு வழி வெட்டுவது எனக்குப் புதிதல்ல.
ஆனால் கோதுமைக்குப் போகிற காற்று
ஒரே சீராக நடந்து போகும்.
இதற்குள் போகிற காற்று விக்கும்.

விக்கல்தான் விஷயம்.
துளை அடைபடும் நொடியில்
வந்துகொண்டிருந்த காற்று கதவில் முட்டும்.
முட்டிய அடி அலையாகி
குழாய் வழியே பின்னோக்கி ஓடும்.
ஓடட்டும்.
அதை அடுத்த அறைக்குத் திருப்பிவிடு.
அங்கே கதவு சாத்தப்படுவதற்குச் சற்று முன்னால்
ஒரு பிடி அதிகமாக உள்ளே தள்ளட்டும்.
ஒருத்திக்கு மறுத்தது
மற்றவளுக்குக் கடைசிக் கவளம்.

நிமிடத்துக்கு ஆறாயிரம் சுற்று.
அரைச் சுற்றுக்கு நொடியின் இருநூற்றில் ஒரு பங்கு.
அதற்குள் ஒலி கடப்பது
ஒன்றே முக்கால் மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு.
பாதிப் பாதி: எண்பத்தைந்து சென்டிமீட்டர் ஒவ்வொரு குழாயும்.
மூடிக்குள் கிடைத்த இடமோ
முப்பத்தொன்பது.

அட்டையில் வெட்டிப் பார்த்தேன்.
சலவை இயந்திரத்தின் வடிகுழாயை வளைத்துப் பார்த்தேன்,
இரண்டு வாரம் துணி துவைக்கவில்லை.
மேலே ஏறி, இன்ஜின் முதுகைச் சுற்றி,
எண்ணெய் வடிகட்டியை உரசாமல் இறங்கி
ஒருவழியாக அடங்கியது,
மூடியில் மட்டும் ஒரு புடைப்பு,
மிட்டாயைக் கன்னத்தில் ஒதுக்கிய பிள்ளைபோல.

அலுமினியத்தை ஒட்டித் தந்தவர் எலையஸ் செட்டர்,
ஹட்டரைட் குடியிருப்பின் பட்டறைக்காரர்.
விமானத்தில் ஏறியதில்லை, ஏறப்போவதுமில்லை.
வளைவின் உட்புறம் விரலை விட்டு
"இங்கே ஒரு உதடு நிக்குது" என்று அரத்தை எடுத்தார்.
கூலிக்குப் பதில்
அவர்களுடைய பார்லி உலர்த்திக்கு பேரிங் மாற்றிக் கொடுத்தேன்.

ஜனவரி. மைனஸ் இருபத்தெட்டு.
விமானத்தின் வாலை டிராக்டரோடு கட்டிவிட்டு
த்ராட்டிலைத் தள்ளினேன்.
ஐயாயிரத்து ஐந்நூறில் முள் துள்ளியது.
ஆறாயிரத்தில்,
துள்ள வேண்டிய இடத்தில்,
தொங்கிப்போயிற்று.

வெல்டு ஒழுகுது என்றேன்,
பக்கத்து ஹேங்கர் டோரீனிடம்.
மாலைக்குள் அது எலையஸின் காதுக்குப் போயிருந்தது.

வந்தார். வணக்கம்கூடச் சொல்லவில்லை.
சோப்புத் தண்ணீர் உறையாமலிருக்க
கார்க்கண்ணாடி கழுவும் நீலத் திரவத்தைக் கலந்து,
குழாயின் வாய்களைக் கட்டி, காற்றடித்து,
தையல் தையலாகத் தூரிகையால் பூசினார்.
ஒரு குமிழி வரவில்லை.
தூரிகையை என் மேசைமேல் வைத்துவிட்டுப் போனார்.

இரவு இரண்டு மணிக்குக் கண்ணில் பட்டது.
கணக்குத் தாளின் மூலையில், என் கையெழுத்தில்,
சின்னதாக: இருபது டிகிரி.
கோடையின் ஒலிக்குக் குழாய் வெட்டியிருக்கிறேன்.
குளிரில் ஒலி காலை இழுத்து நடக்கும்,
நொடிக்கு முப்பது மீட்டர் பின்தங்கி.
அலை வந்து சேர்வதற்குள்
கதவு சாத்தியாயிற்று.

விடிந்ததும் போய்ச் சொன்னேன்.
ஏதோ கலப்பைக் கொழுவை ஒட்டிக்கொண்டிருந்தார்,
முகமூடியைத் தூக்கவில்லை.
"சரி, வெட்டணுமா?"
"ஏழு சென்டிமீட்டர். ஆனா ஆகஸ்டுல
அதையே திரும்ப ஒட்டணும்."
"ஆகஸ்டுல எனக்கு அறுவடை, ஒக்சானா."
பொறி பறந்தது. மன்னிப்புக் கேட்டேன்.
கேட்டதா என்று தெரியவில்லை, அந்தச் சத்தத்தில்.

குழாயை வெட்டவில்லை.
சுற்று காட்டும் வட்டத்தில் நகப்பூச்சால் இரண்டு கோடு:
ஆறாயிரத்தில் சிவப்பு,
ஐயாயிரத்து ஐந்நூறில் நீலம்.
நீலம் டோரீனுடையது.
ஒரு வாரமாகத் திருப்பிக் கேட்கிறாள்.