மீதி ஏழு பார்

ஓசூரில் ஒரு கல்யாணத்தை ஊதி முடித்து
சேலத்துக்குத் தனியாக வந்தேன், பஸ்ஸில்.
வேனில் என் சீட்டைப் புதுப் பாடகிக்குக் கொடுத்தாயிற்று.

ஓமலூர் தாண்டியதும் தூக்கம் கலைந்து பார்த்தால்
வெயிலில் வெள்ளை வெள்ளையாய் அம்பாரம்.
உப்பளம்!
ஒரு நிமிஷம் தூத்துக்குடிக்கே வந்துவிட்டேன்.
பக்கத்து சீட்டுக்காரர்,
"வெள்ளைக்கல்லுங்க, மேக்னசைட்" என்றார்.
மூக்கு நம்பவில்லை,
புது பஸ் ஸ்டாண்ட் வரை உப்பைத் தேடிக்கொண்டே வந்தது.
கிடைத்தது டீசலும்
எங்கோ புளிக்கிற மரவள்ளி மாவும்.

செவ்வாய்ப்பேட்டையில் லாட்ஜ்.
ஜன்னலைத் திறந்தால் ஆறு தெரியும் என்றான் ரூம் பாய்.
தெரிந்தது.
திருமணிமுத்தாறு: பெயரில் மணியும் முத்தும்,
நீரில் நேற்றைய சாயம்.
நடுவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி
மூன்று காலில் நின்று
யாரையோ உட்காரச் சொல்லிக்கொண்டிருந்தது.

தட்டுவடை செட் தின்றேன், இரண்டு பிளேட்.
பீட்ரூட், கேரட், பச்சை, சிவப்பு.
கடித்ததும் காதுக்குள் ஹை-ஹாட்.
இந்த ஊர்க்காரர்கள் தாளத்தைத் தின்கிறார்கள்,
அதுவும் பதினைந்து நிமிஷ டீ டைமில்.

மதியம் மொட்டை மாடியில் சாதகம்.
வால்வுக்கு எண்ணெய் விட்டு
ஸ்கேல் பாதி ஏறியிருப்பேன்,
கீழ்ச் சந்திலிருந்து ஒரு குரல்:
"ஏனுங்க, கொஞ்சம் நிறுத்துங்க. காது வேணும்."

பாராட்டு கேட்டிருக்கிறேன், கல் எறி பட்டிருக்கிறேன்,
காதைத் திருப்பிக் கேட்டு யாரும் கூப்பிட்டதில்லை.
இறங்கிப் போனேன்.
கோசலை. மடியில் கொலுசுக் குவியல்,
விரல் நுனியெல்லாம் பாலிஷ் கறுப்பு.
ஒவ்வொன்றாய் எடுத்துக் காதோரம் ஒரு குலுக்கு.
பேசினால் வலப்பக்கம்,
ஊமையானால் இடப்பக்கம்.
அவ்வளவுதான். என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"நல்ல ஓசைக்குக் கூலி ஜாஸ்தியா?"
"எடைக்குத்தானுங்க காசு.
ஊமை போச்சுன்னா பார்சல் திரும்பி வந்துரும்."

எனக்கு இரவுக்கு ஆயிரத்து இருநூறு.
வாசித்தாலும், சும்மா நின்றாலும்.
அவளிடம் அதைச் சொல்லவில்லை.

அம்மாப்பேட்டைத் தெருமுனையில் மேடை, ஆடிக் கூட்டம்.
பாக்ஸுக்கு மேல் பாக்ஸ் அடுக்கி
மாதேஸ் கூழ் டம்ளரோடு மிக்ஸரில் உட்கார்ந்திருந்தான்.
கடைசிப் பாட்டு. இரண்டாம் சரணத்துக்கு முன்னால்
எனக்குப் பதினாறு பார்.
அதற்காகத்தான் இந்த ஊருக்கே வந்தேன் என்று வையுங்கள்.

ஒன்பதாவது பாரில் மணி பத்து.
மைக் செத்தது.
ஏட்டையா மேடைப் படியில் ஒரு காலை வைத்து
செல்போனைத் திருப்பிக் காட்டினார், பெரிய எழுத்தில் மணி.
சண்டையில்லை. எங்கள் ஊரிலும் இதே பத்துதான்.

அப்போதுதான் கேட்டது, பின்தெரு விசைத்தறிகள்.
சாயங்காலம் முழுக்க ஓடியிருக்கின்றன,
எங்களுக்கு அடியில்,
எங்களைவிட வேகமாக,
ஒரு அடி பிசகாமல்.
அவற்றுக்கு யார் மணி காட்டுவார்கள்?
டிரம்பெட்டிலிருந்து எச்சிலைத் தட்டி
மவுத்பீஸைச் சட்டைப் பையில் போட்டேன்.

லாட்ஜுக்கு வர பன்னிரண்டு ஆனது.
தூக்கம் வராமல் மாடி ஏறினால்
பகலெல்லாம் கழுவாத சட்டியின் முதுகாய்க் கிடந்த மலை
இருட்டில் கரைந்துபோய்
ஏற்காட்டு விளக்குகள் மட்டும் வானத்தில் மிதந்தன.
வலைக்குப் போன படகுகள் இப்படித்தான் தெரியும்
எங்கள் கரையில் நின்றால்.
ஒரு லாரி வெளிச்சம் வளைந்து, மறைந்து, வளைந்து
இறங்கிக்கொண்டே இருந்தது.

மியூட்டைச் செருகி
மீதி ஏழு பாரையும் ஊதினேன்.
சன்னமாய், மலைப் பக்கம் திரும்பி.
ஆறாவதில் ஒரு சுரம் லேசாய்ப் பிசிறியது. ஒத்துக்கொள்கிறேன்.

கீழே சந்தில் இன்னும் விளக்கு.
நான் முடித்த பிறகு
ஒரு கொலுசு, ஒரே ஒரு குலுக்கு.
எந்தப் பக்கம் போட்டாளோ,
மேலிருந்து தெரியவில்லை.