ஒன்று முதல் ஐந்து வரை

அம்பத்தூர் எஸ்டேட்டில்
கரன்ட் போய் வந்த ஒரு செவ்வாய்க்கிழமை
கண்ணாடிகளைக் கொடுத்தார்கள்.
என் பவர் கண்ணாடிக்கு மேல் இன்னொன்று.
மூக்குக்கு டபுள் டூட்டி.

பம்ப் மூடியின்மேல் பச்சை அம்பு ஒன்று
அந்தரத்தில் நிற்கிறது.
"தயவுசெய்து மூன்றாம் திருகாணியை வலஞ்சுழியாகத் திருகவும்."
எந்த ஊர்த் தமிழோ.
பதினோரு வருஷமாக நான் அதை
போல்ட்டு என்றுதான் திட்டியிருக்கிறேன்.

மணிக்கட்டில் பட்டை வேறு.
நான் சும்மா நின்றால்
அது நடுங்குகிறது.

மே மாதம். தகரக் கூரை.
வேர்வை ஆவியாகி உள்பக்கம் படிய
அம்பு மங்கிப்போகும்;
கோட்டு நுனியால் துடைத்துத் துடைத்து
வேலையே அதுவாகிவிட்டது.
செய்தவன் ஏசி ரூமில் செய்திருப்பான் என்றாள் மும்தாஜ் பேகம்.
பாத்ரூம் போகும்போது கழற்றி என்னிடம் கொடுத்தாள்,
அங்கேயும் அம்பு வந்துவிட்டால்?

முடிவோடுதான் இருந்தேன்:
எல்லாக் கேள்விக்கும் ஒன்று.

அப்புறம் பிகாஷ் சாஹு மாட்டினான்.
எட்டு மாசமாகப் பக்கத்து மேடையில் நிற்கிறவன்.
எனக்குத் தெரிந்த ஒடியா பூஜ்யம்.
அவனுக்குத் தெரிந்த தமிழ்
இங்க, அங்க, ஐயோ.
மீதியை என் கைகள் சொல்லும்.
அம்பயரைப் பார்ப்பதுபோல
அவற்றைத்தான் பார்த்துக்கொண்டிருப்பான்.

கண்ணாடி அவன் காதில் ஏதோ சொன்னது.
ஸ்பானரைக் கீழே வைத்தான்.
பின்னால் திரும்பினான், யார் என்று.
ஒருவரும் இல்லை.
பிறகு சிரித்தபடி அதற்குப் பதில் சொன்னான்,
நீளமாக,
நடுவில் ஒருமுறை தொண்டையைச் செருமிக்கொண்டு.

அன்றைக்கு முப்பத்தொரு மூடி.
ஒன்றுகூட ஒழுகவில்லை.
என் கைப்பக்கம் அவன் திரும்பவே இல்லை.

ஐந்தரைக்கு ஃபாரம் வந்தது.
'இக்கருவி பயனுள்ளதாக இருக்கிறது.'
'இதைத் தொடர்ந்து பயன்படுத்த விரும்புகிறேன்.'
ஒன்று, முற்றிலும் மறுக்கிறேன்.
ஐந்து, முற்றிலும் ஏற்கிறேன்.
ஜெரால்டு சார் வாட்சைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

யாருக்குப் பயன் என்று அதில் கேட்கவில்லை.

நான்கு போட்டேன்.
அடித்துவிட்டு மூன்று.
மறுபடி நான்கு; தாள் கொஞ்சம் கிழிந்தது.
கூடுதல் கருத்து என்ற இடத்தில்
'மூக்கில் தழும்பு' என்று எழுதிக் கொடுத்துவிட்டு
வெளியே வந்தேன்.

நிறுத்தத்தில்
ஐம்பது பேருக்கு நடுவில் பிகாஷ்.
என்னைப் பார்த்ததும் கையை நீட்டிக் காட்டினான்,
"அங்க."

பஸ் வந்துகொண்டிருந்தது.