இருபத்தைந்து டிகிரி

பதினாறு வருஷமாக ஒரே எண்ணை
நம்பிக்கொண்டிருந்தது எங்கள் நிரல்.
ஒன்று புள்ளி நான்கு.
காமா என்று பெயர். காற்றின் குணம் மொத்தமும்
அதற்குள் என்று எழுதி வைத்துவிட்டு
எழுதியவர் டெட்ராய்ட் போய்விட்டார்.

ஒலியைப் போல் பதினைந்து மடங்கு வேகத்தில்
மழுங்கிய மூக்கொன்று வானத்தை முட்டும்போது
காற்று அந்த எண்ணை மதிப்பதில்லை.
முதலில் நடுங்கும்.
பிறகு ஆக்ஸிஜன் இரண்டாகும்.
நைட்ரஜன் கொஞ்சம் பிடிவாதம், அதுவும் கடைசியில் விடும்.
விட்டவை சும்மா இருக்காமல் யாரோடாவது சேர்ந்துகொள்ளும்.

இதையெல்லாம் அறிந்த நூலகம் ஒன்றை
தரமணி ஆய்வுக்கூடத்தில் நானும் பெனாசிரும்
மூன்று வாரமாக நிரலோடு கோத்துக்கொண்டிருந்தோம்.
புத்தகமே இல்லாத நூலகம்.
நாற்பது லட்சம் கட்டங்களும்
அடிக்கொரு தரம் போய் அதன் கதவைத் தட்டும்:
இவ்வளவு ஆற்றல் வைத்திருக்கிறேன், என் சூடு எவ்வளவு?
ரேஷன் கடை தோற்றது.

வரிசைகூடப் பரவாயில்லை.
எழுபதாம் அடியில் வெப்பம்
பூஜ்யத்துக்குக் கீழே போனது.
கெல்வினில்.
"அதுக்குக் குளிர் விட்டுப்போச்சு" என்றாள் பெனாசிர்.

அலகு பார்த்தோம். மோலுக்கா கிலோவுக்கா என்று பார்த்தோம்.
வெட்கமில்லாமல் கணினியை அணைத்து மறுபடி போட்டோம்.
இரவு பதினொன்றேகாலுக்கு
ஏசி ரிமோட்டைத் தேடி எடுத்தவள்
அதன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.
இருபத்தைந்து.
"இதோட பூஜ்யம் இங்க இருக்குடீ."

ஆமாம். நூலகம் ஆற்றலை எண்ணத் தொடங்குவது
இருபத்தைந்து டிகிரியில்,
மார்கழியில் நாலு நாள் சென்னைக்கு வாய்க்கிற பகலில்.
எங்கள் நிரல் எண்ணுவது
எதுவுமே அசையாத அடியாழத்திலிருந்து.
இரண்டும் பொய் சொல்லவில்லை.
ஒருவருக்குத் தரைத்தளம் ஒன்றாம் மாடி,
ஒருவருக்கு அது கணக்கிலேயே இல்லை;
லிஃப்டில் மட்டும் சேர்ந்து ஏறிவிட்டார்கள்.

ஒரு கழித்தல். ஒரே வரி.

விடிவதற்குள் ஓடி முடித்தது.
பழைய கணக்கு பதினோராயிரம் சொன்ன இடத்தில்
ஆறாயிரத்தைக்கூடத் தொடவில்லை சூடு.
மிச்சம் எங்கே போனது?
பிரிவதற்குச் செலவாகியிருந்தது.
அதிர்ச்சி அலை முன்பைவிட நெருங்கி வந்து
மூக்கை ஒட்டி நின்றது.
பெனாசிர் அந்த இடைவெளியை
சுண்டுவிரலைத் திரையில் வைத்து அளந்தாள்.
ஏதோ சொல்ல வந்து, தண்ணீர் குடித்தாள்.

திருவான்மியூரில் முதல் வண்டி.
பறக்கும் ரயில் என்றுதான் பெயர்.
கடலுக்குப் போகிற விடியல் காற்று
நடைமேடையைக் கடந்தது:
உடையாதது, எதுவும் பிரியாதது,
பழைய நிரல் இன்னும் பொய்யாகாத காற்று.
ஒன்று புள்ளி நான்கு, ஒன்று புள்ளி நான்கு
என்று கழுத்தில் பிசுபிசுத்தது.

கைபேசி அதிர்ந்தது.
"பாகுத்தன்மையை இன்னும் கோக்கவே இல்ல.
ஞாபகம் இருக்கா?"