இதுவா, அதுவா

கண்ணாடிக் கடையில் என் வேலை
கேள்வி கேட்பது.
ஒரு வில்லையைப் போடுவேன், திருப்புவேன்.
இதுவா, அதுவா, எது தெளிவு?
பர்மியத்தில் கேட்பேன், தமிழில் கேட்பேன்,
முகல் தெருப் பெரியவர்களிடம்
தட்டுத்தடுமாறி உருதுவிலும்.
"ரெண்டும் ஒண்ணு போலத்தாம்மா இருக்கு"
என்று கூச்சப்படுவார்கள் சிலர்.
கூச்சமே வேண்டாம்.
அப்போதுதான் பவர் சரியாக அமைந்திருக்கிறது.

திஞ்சானுக்குக் கடை பத்து நாள் அடைப்பு.
கீழே ரங்கூன் முழுக்கத் தண்ணீர் விசிறுகிறது.
நான்காம் மாடியில், காற்றாடி நின்றுபோன அறையில்
என்னை நானே நாற்காலியில் உட்கார்த்திக்
கேட்டுப் பார்க்கிறேன்:
போன சித்திரையிலிருந்து இந்தச் சித்திரைக்குள்
என்னடி பிடித்தது உனக்கு?

தேநீர் என்றால்
பான்சோடான் முனைக் கடை என்பேன், யோசிக்காமல்.
ஆடை மிதக்கும், துவர்ப்பு நாக்கோரம் நிற்கும்.
பற்று நோட்டைப் புரட்டினால் அங்கே ஒன்பது கோப்பை.
எங்கள் சந்தில் கோ ஸோ நைங் போடுகிற
அந்தக் கழுநீரை
இருநூற்றுப் பதினான்கு முறை குடித்திருக்கிறேன்.
அவனிடம் ஜெனரேட்டர் இருக்கிறது.
போனைச் செருகிவிட்டு உட்காரலாம்.

ஆண்டு முழுக்கப் படித்து முடித்தது ஒன்றே ஒன்று,
தண்ணீர் மோட்டார் விளக்கக் குறிப்பு.
சீனத்தில் எழுதியிருந்தது,
படம் பார்த்தே முடித்தேன்.
அதற்கே கண்ணைச் சுருக்க வேண்டியிருந்ததால்
கூட்டல் ஒன்றரையில்
எனக்கும் ஒன்று வெட்டிக்கொண்டேன்.
ஊழியர் தள்ளுபடி பத்து சதம்.

இருட்டில் படி எண்ணி ஏறுவது பழக்கம்.
அறுபத்தெட்டு.
இரண்டாம் மாடி வரைக்கும் தமிழில் எண்ணுகிறேன்,
அதற்கு மேல் தானாகப் பர்மியத்துக்கு மாறுகிறது.
மூச்சு வாங்கும்போது
நாற்பத்தொன்பதைவிடச் சின்ன சொல் தேவைப்படும் போல.

மின்சாரம் திரும்பினால் கட்டிடமே கத்தும்,
மீ லா பியீ!
குழந்தைகள் கத்துவது, நான் கத்தியதில்லை
என்று சொல்லித் திரிந்தேன்.
ஐப்பசியில் ஒரு நாள் விடிகாலை இரண்டு மணி.
குழல்விளக்கு கண் சிமிட்டியது.
சோற்றுப் பானையின் சுவிட்சைத் தட்ட ஓடுகையில்
வெறும் வீட்டில் ஒரு குரல், மீ லா பியீ.
என் குரல்தான்.
இந்த ஆண்டு நான் அதிகம் மகிழ்ந்த நொடி எதுவென்று
எவரும் கேட்டால்
இதைச் சொல்லாமல் வேறு எதையாவது சொல்வேன்.

அப்புறம் கயிறு.
மாடத்திலிருந்து தெருவரை நீலக் கயிறு,
நுனியில் கிளிப், மேல்முனையில் மணி.
கீரைக்காரி இழுத்தால் எழுந்து போவேன்.
அதனருகே ஐந்தாம் மாடிச் செய்னம்புவின் சிவப்புக் கயிறு.
பள்ளிச் சீருடை தைப்பாள்.
என் கயிற்றில் தன் பூசணிக்காய் வந்துவிட்டது என்று
மூன்று முறை சண்டைக்கு வந்திருக்கிறாள்,
மூன்றாவது முறை பூசணிக்காயே வரவில்லை.
தை மாதம் மகனிடம் பினாங்குக்குப் போய்விட்டாள்.
மிஷினை விற்றாள், கதவைப் பூட்டினாள்,
கயிற்றை மறந்துவிட்டாள்.
கீழே தெரியாதவர்கள் இன்னும் இழுக்கிறார்கள்.
பூட்டிய வீட்டில் மணி ஆடுகிறது.
நான் எழுந்து பாதி தூரம் போய்
என்னுடையது இல்லை என்று திரும்பி வருகிறேன்.
மூன்று மாதமாக இதுவும் ஒரு பழக்கம்.

இப்போதும் மணி.
எட்டிப் பார்த்தால்
தலை முதல் கால் வரை நனைந்த பையன்,
கக்கத்தில் பிடவுக் கொத்து.
நேற்றைய மழைக்கு இன்று பூத்து நாளை உதிரும்
மஞ்சள் வேங்கை.
இரு கையிலும் இரு கயிறு.
"அக்கா, இதுவா, அதுவா?"

ஆயிரம் பேரைக் கேட்டவளுக்கு
உடனே வாய் வரவில்லை.

நீலம், என்றேன்.
ரூபாய்த் தாளைக் கிளிப்பில் மாட்டி இறக்கினேன்.
காற்றில் சற்று விலகிப் போய்
சிவப்பை உரசியது.
மேலே ஒரு முறை, சின்னதாக.