ஆறாம் மாதக் கேள்வித்தாள்

ஒரே நாளில்தான் இருவரையும் வீட்டுக்கு அனுப்பினோம்.
அவெய்ரோவில் மார்ச் மாத மழை.
பெல்மீரோ, பேருந்து ஓட்டியவர், அறுபத்தெட்டு.
டியோலிந்தா, பீங்கான் ஆலைக்காரி, எழுபத்துநான்கு.
இருவருக்கும் விழுந்தது வலப்பக்கம்,
இருவருக்கும் நூற்றுக்கு எழுபது.
இணைகம்பிகளுக்கு நடுவே
ஒருவர் குதிகாலை மற்றவர் பார்த்து
நடந்து பழகியவர்கள்.

செப்டம்பரில் தாளோடு போகிறேன்.

பெல்மீரோவுக்கு இரண்டாம் மாடி.
தானாக உடுத்துகிறீர்களா?
"பின்னே?"
சட்டைப் பொத்தான்கள் வரிசை தப்பாமல் இருக்கின்றன.
அவற்றைப் போட்ட விரல்கள்
சமையலறையில்
மத்தி மீனின் செதில் உரசிக்கொண்டிருக்கின்றன.
குளியல்?
"ஒரு சிரமமும் இல்லை."
அடோசிந்தா ஈர முழங்கையோடு எட்டிப் பார்க்கிறாள்,
வாய் திறக்காமல் உள்ளே போகிறாள்.
இறைச்சியை வெட்டிச் சாப்பிட?
"தட்டுக்கு வரும்போதே வெட்டித்தான் வருகிறது."
தொண்ணூறு.

கிளம்பும்போது கதவைப் பாதி சாத்திக்கொண்டு
குரலைத் தணித்தார்.
அவள் சந்தைக்குப் போகும் நாட்களில்
காலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதில்லையாம்.
குடித்தால் எழுந்து போகவேண்டி வருமே.
"இதை எழுதாதீர்கள்."
எழுதவில்லை.

டியோலிந்தா கால்வாய்க்கு அந்தப் பக்கம்,
தன் அண்ணன் ஒனோராட்டோவோடு.
கல்யாணம் செய்துகொள்ளாத மனிதர்;
அந்த வீட்டில் உப்பு எங்கே இருக்கிறதென்று
எழுபத்தொன்பது வயதிலும் தெரியாது அவருக்கு.

தானாக உடுத்துகிறீர்களா?
"இல்லை."
உடுத்தியிருக்கிறீர்களே, டியோலிந்தா.
"அரைமணி நேரம் ஆகிறது. அதற்குப் பெயர் உடுத்துவதா?"
நடக்கிறீர்களா?
"வாளியோடு முடியவில்லை."
வாளியைக் கேட்கவில்லை, நடையைத்தான் கேட்கிறேன்.
"வாளி இல்லாமல் நான் எங்கே நடப்பேன்?"
மனம் சோர்வாக இருக்கிறதா?
ஜன்னலுக்கு வெளியே ஒரு படகு போய் முடியும்வரை
பதில் இல்லை.
பிறகு, "ஞாயிற்றுக்கிழமைகளில்."
அறுபத்தைந்து.

பிப்ரவரியில் அந்தக் காலை,
வாய் ஒரு பக்கம் கோணிய பிறகும்
கொடியில் கிடந்த துணிகளை
ஒற்றைக் கையால் உருவி எடுத்து
உள்ளே போட்டுவிட்டுத்தான்
ஆம்புலன்ஸை அழைத்திருக்கிறாள்.
மழை வரும்போல் இருந்ததாம்.
நாற்பது நிமிடம்.
மூளையில் நாற்பது நிமிடம் என்றால் என்னவென்று
எனக்குத் தெரியும், அவளுக்குச் சொன்னதில்லை.
துணி நனையவில்லை என்று அவள் சொன்னபோது
தலையாட்டினேன்.

அடுப்பு மேடையில் ஒரு பலகை.
அடியிலிருந்து அடித்து
முனை மேலே நீட்டிய ஆணி.
அதில் உருளைக்கிழங்கைக் குத்தி நிறுத்தி
இடக்கையால் தோல் சீவுகிறாள்.
யார் அடித்துக் கொடுத்தது?
"நான்தான்."
ஒரு கையில் சுத்தியல், சரி, ஆணியை யார் பிடித்தது?
சிரிக்கிறாள், கோணல் பக்கமும் சேர்ந்து.
"சீப்பு."
சீப்பின் பற்களுக்கிடையே ஆணியைச் செருகி,
சீப்பை முழங்காலால் அழுத்தி,
மூன்று நாள் முயன்றாளாம்.
நான்கு ஆணி வளைந்ததாம்.
எங்கள் பயிற்சிக்கூடத்தில் யாரும்
இதைச் சொல்லிக் கொடுக்கவில்லை.

காபி வந்தது.
நான் வாயருகே கொண்டுபோகுமுன்
இட விரல் நகத்தால் கோப்பையைச் சுண்டினாள்.
முப்பது வருடம் ஆலையில்
தட்டுகளைச் சுண்டிச் சுண்டி
விரிசலைக் காதால் பிடித்தவள்.
"இது வேண்டாம்" என்று
கோப்பையை வாங்கிக்கொண்டு
அலமாரிக்குப் போனாள், கைத்தடியை மறந்து.
பதினோரு அடி. எண்ணினேன்.
திரும்பும்போது நினைவு வந்து
சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

ஆண்கள் இவ்வளவு, பெண்கள் இவ்வளவு என்று
டிசம்பரில் அறிக்கை போகும்.
அதில் பெண்களின் கோடு தாழ்ந்திருக்கும்,
போன வருடம்போல.
கூட்டலில் பிழை இருக்காது.

இன்று மாலை தரவு ஏற்றும் பையன்
துவார்த்தே தொலைபேசியில் அழைத்தான்.
"நாற்பத்திரண்டாம் தாளின் ஓரத்தில்
பென்சிலால் 'ஆணி' என்றிருக்கிறதே,
அதை எந்தக் கட்டத்தில் போட?"