காற்று விழுந்த இரவு

காங்கேசன்துறையிலிருந்து மன்னார் ஊடாகப்
புத்தளம் வரையான கடற்பரப்பில்
காற்று தென்மேற்கிலிருந்து
மணிக்கு நாற்பது தொடக்கம் ஐம்பது கிலோமீற்றர்.
மழையற்ற வானிலை நிலவும்.
கடல் அவ்வப்போது கொந்தளிப்பாகக் காணப்படும்.

ஆடி பிறந்ததிலிருந்து
இந்த மூன்று வசனத்தையும்
திகதியை மட்டும் மாற்றி அனுப்புகிறேன்.

காரைநகரில் என் பொறுப்பில் உள்ளவை:
ஒரு வெள்ளைப் பெட்டி, அதற்குள்
உலர் குமிழ், ஈரக் குமிழ் என்று இரண்டு வெப்பமானி,
கம்பத்தில் சுழலும் மூன்று கிண்ணம்,
வேலிக்குள் ஒரு மழைமானி,
வேலிக்கு வெளியே அதை மோந்து பார்க்கிற மாடுகள்.
காலை எட்டரைக்கு மூடி திறப்பேன்.
பூச்சியம் தசம் பூச்சியம்.
ஒருநாள் மட்டும் ஒரு கட்டெறும்பு.
அதை எழுத நிரல் இல்லை.

பிறகு தொலைபேசி தொடங்கும்.
தருமகுலசிங்கம், வயலிலிருந்து:
"புரட்டாதி பத்துக்குள்ளை ஒரு மழை விழுமோ, பிள்ளை?
புழுதியிலை விதைச்சிட்டுக் குருவிக்குக் குடுக்கேலாது."
பவுசர் அன்ரனுக்கு வேறு கணக்கு,
மழை தள்ளினால் அவன் லீசிங் கட்டி முடிப்பான்.
கிணற்று நீரில் தேத்தண்ணி வைத்தால்
பால் திரைகிற மாதம் இது.
அவனைக் குறை சொல்ல என்னால் முடியாது,
நேற்றும் இரண்டாயிரம் லீற்றர் இறக்கினேன்.

மாலை, குறிகட்டுவானிலிருந்து ஒரு பெண்.
பெயர் ஜெயரூபி. நாளைக்கு நெடுந்தீவில் தங்கைக்குக் கலியாணம்.
கூறைச் சீலை தன் மடியில் இருக்கிறதாம்,
படகை நிறுத்திவிட்டார்களாம்.
நான் அறிக்கையை வாசித்தேன்.
"அவ்வப்போது எண்டால்," அவள் கேட்டாள்,
"எப்ப, எப்ப?"

பதினொரு வருடம் அந்தச் சொல்லை அனுப்புகிறேன்.
ஒருவரும் கேட்டதில்லை.
நானும்.

எங்கள் ஒழுங்கையில் பூட்டிய வீடு ஒன்று.
ஆட்கள் நோர்வேயில்.
அதன் கிணற்றடிக் கூரையில் ஒரு தகரம் கழன்றுபோய்
சோளகம் முழுக்க இரவும் பகலும் அடிக்கும்.
மதில் ஏறி ஆணி அடிக்க ஒருவருக்கும் துணிவில்லை,
கமரா பூட்டியிருக்கிறார்களாம்.
திட்டித் திட்டி
அந்த அடிக்குள்ளேயே உறங்கப் பழகிவிட்டோம்.

இரண்டே முக்காலுக்கு விழித்தேன்.
எதனால் என்று தெரியவில்லை.
எதிர்வீட்டில் லைற் எரிந்தது, அதற்கடுத்த வீட்டிலும்.
நாய் எழுந்து நின்று
குரைக்க ஒன்றும் இல்லாமல் திரும்பப் படுத்தது.
வேலிக்கு மேலால் புளோறன்ஸ் அக்கா,
"என்னடி அது சத்தம்?"
"சத்தம் இல்லை அக்கா."
"அதுதான், என்னது?"

தகரம் நின்றிருந்தது.
இரண்டு மாதத்தில் முதல்முறையாக
கோவளப் பக்கம் கடல் மூச்சு விடுவது கேட்டது,
கிட்டத்தில், பக்கத்துப் பாயில் போல.

ரோச் எடுத்துக்கொண்டு நிலையத்துக்குப் போனேன்.
மூன்று கிண்ணமும் அசையவில்லை.
ஒன்றில் ஒரு பூச்சி இறகு மடித்து இருந்தது.
இது கணிப்பு நேரம் இல்லை.
எட்டரைக்கு முன் என் கண் பார்ப்பது
திணைக்களத்துக்குச் சேராது.
ஆனாலும் கடைசி அழைப்பு இலக்கத்தைத் தேடி அழுத்தினேன்.
அவள் தூங்கியிருக்கவில்லை.
"இப்ப," என்றேன். வேறொன்றும் சொல்லத் தெரியவில்லை.

ஐந்தரைக்கு ஒரு குறுஞ்செய்தி.
சூசைநாயகத்தின்ரை வள்ளத்திலை வந்திட்டம்.
சீலை நனையேல்லை.

வாசித்துக்கொண்டிருக்கையில்
தகரம் ஒருதரம் மெல்லத் தட்டியது,
வாசலில் நிற்பவர் வரலாமோ என்று கேட்பதுபோல.
பிறகு, கேளாமலே,
பழைய மாதிரி.

எட்டரை. பூச்சியம் தசம் பூச்சியம்.
காற்று தென்மேற்கு, நாற்பத்திரண்டு.
மூன்று வசனத்தையும் எடுத்துத் திகதியை மாற்றினேன்.
அவ்வப்போது என்ற இடத்தில்
கை கொஞ்சம் நின்றது.
பிறகு அனுப்பினேன்.