மேசையில் உப்பு

முப்பத்தெட்டு வருடம்
இரவுக்கு எண்பது பேருக்குச் சமைத்தவன்
ஒரு ஆளுக்கு சூப் வைக்கத் தெரியாமல் நிற்கிறேன்.
லியோனிலிருந்து கொண்டுவந்த பெரிய பானையில்
இரண்டு வெங்காயம் ஒன்றையொன்று தேடுகின்றன.
அளவைப் பாதியாக்கி, அதையும் பாதியாக்கி,
மறுபடி, மறுபடி பாதியாக்கி வந்தால்
உப்பு ஒன்றரைக் கல்லில் வந்து நிற்கிறது.
ஒன்றரைக் கல்லை எந்த விரலால் எடுப்பது?

இந்த லிமூஸான் பக்கத்தில்
செவ்வாயும் வெள்ளியும்தான் ரொட்டி வண்டி.
கிஸ்லேன் மூன்று தரம் ஹாரன் அடிப்பாள்.
முதல் ஹாரனுக்கே என் வாய்
"ஆகட்டும், செஃப்!" என்று கத்திவிடுகிறது.
பதினாறு வயதில் பழகிய பதில்.
இத்தனைக்கும் கடைசி இருபது வருடம்
செஃப் நான்தான்.

ரொட்டி சுமார். மாவு புளிக்க நேரம் தருவதில்லை.
ஒருநாள் அதை அவளிடமே சொல்லிவிட்டேன்.
அடுத்த வாரம் என் வாசலில் ஹாரன் இல்லை.
சாலைத் திருப்பம்வரை ஓட்டமும் நடையுமாகப் போய்
மன்னிப்பு ஒன்று, ரொட்டி இரண்டு
வாங்கிவந்தேன்.

ஒரு காலத்தில் டஜன் கணக்கில்
பூண்டும் வெண்ணெயும் அடைத்து விற்ற நத்தைகள்
இப்போது என் லெட்யூஸ் பாத்தியை மேய்கின்றன.
நான் விரட்டுவதில்லை.
கணக்கு நேராகட்டும்.

மதியம் பன்னிரண்டு அடித்தால் ஊரே சாப்பிட உட்காரும்.
எனக்கு அந்த நேரத்தில் உட்கார வராது.
ஜன்னலோரம் நின்றபடி, பாத்திரத்திலிருந்தே,
யாரோ அவசரமாகக் கூப்பிடப்போவது போல
விழுங்குகிறேன்.
யாரும் கூப்பிடுவதில்லை.

மார்ச் மாதம் ஒரு ராத்திரி கூப்பிட்டார்கள்.
எதிர்த் தொழுவத்தில் விளக்கு. கதவில் அனிசே.
"கன்று குறுக்கே கிடக்கிறது. உனக்குக் கையில் பலம் இருக்கிறதா?"
கால்நடை மருத்துவர் மெய்லிஸ்,
என் கடைசி எடுபிடிப் பையனைவிடச் சின்னவள்,
தோள்வரை பசுவுக்குள் கையை விட்டு
கண்ணை மூடித் தேடிக்கொண்டிருந்தாள்.
எனக்குக் கயிறு.
அவள் சொன்னபோது இழுத்தேன். சொன்னபோது விட்டேன்.
தொடை எது, விலா எது, எந்த மூட்டில் கத்தி இறங்கும்,
எல்லாம் அறிந்த கைகள்.
உயிர் போன பக்கத்திலிருந்து மட்டுமே அறிந்தவை.
ஆவி பறக்க விழுந்தது கன்று.
வைக்கோலால் தேய்த்தோம்.
நெடுநேரம் ஒன்றுமில்லை.
அப்புறம் ஒரு தும்மல்.

மூன்று மணிக்கு என் அடுப்படியில் மூன்று பேர்.
ஒன்பது முட்டை, ஒரு கட்டி வெண்ணெய்,
பாத்தியில் இருட்டில் தடவிப் பறித்த வெங்காயத்தாள்.
தட்டு எடுக்கக்கூடப் பொறுமையில்லை.
வாணலியில் மூன்று முள்கரண்டி.
அனிசே மென்றான். நிமிர்ந்தான்.
"உப்பு இருக்கிறதா?"

என் உணவகத்தில்
மேசைமேல் உப்பு வைத்ததே கிடையாது.
ஒரு நோட்டரி ஒருமுறை கேட்டார்.
சமையலறையிலிருந்து நானே வந்து
அவர் எதிரில் கைகட்டி நின்றேன்.
ஒரு வார்த்தை பேசாமல் தின்று முடித்தார்.
அதை ஒரு வெற்றியாகப்
பல வருடம் சொல்லித் திரிந்திருக்கிறேன்.
பாவம், அந்த மனிதர்.

தூவுவதற்கு வீட்டில் ஒரு குப்பி இல்லை.
சாம்பல்நிறக் கல்லுப்பை ஜாடியோடு தூக்கிவைத்தேன்.
தொழுவ வாடை போகாத விரல்களால்
அனிசே கிள்ளிப் போட்டுக்கொண்டான்.
மெய்லிஸும்.
நானும் கொஞ்சம் போட்டு, வாயில் வைத்துப் பார்த்தேன்.
ஆமாம். குறைவுதான்.
குறைவு என்ன, போடவே இல்லை.

வாணலியை ரொட்டியால் துடைத்துத் தின்றோம்.
கிஸ்லேனின் ரொட்டி,
மாவு புளிக்காத அதே ரொட்டி.
யாரும் ஒன்றும் சொல்லவில்லை.
நானும்.